மூக்கம்மாவுக்கு வந்த கிராம்பு வாசனை

பால் நிலையத்தில் அவளை மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வேன் வந்து நின்றதும் கேன் மூடியைத் திறந்து ஒருதரம் முகர்வாள். கெட்ட பால் என்றால் ஓரமாக வைக்கச் சொல்வாள். அதற்குமேல் யாரும் பேச முடியாது. பதினாறு வருடம் இப்படிக் கொடிகட்டிப் பறந்தவளை ஒரு வாரச் சளிக்காய்ச்சல் சாய்த்துவிட்டது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது.

வாசனை போனால் சொந்த வீடே ஆளில்லாத வீடு மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தையல்காரரான கணவர் பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்துத் திடுக்கிடுவாள். தன் புடவையை முகர்ந்தால் யாரோ செத்துப்போனவளுடையதைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

மருத்துவர் உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நான்கு தைலங்களைக் காலையும் மாலையும், அந்தந்த வாசனையை மனதில் நினைத்துக்கொண்டே முகர வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம், முழுசாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது, நடுவில் தாறுமாறாகவும் வரலாம் என்றார். கணவர் நான்கு சின்னச் சீசாக்களில் பஞ்சு வைத்துத் தைலம் விட்டுக் கொடுத்தார்.

நிலையத்தில் அவளைக் கேன் கழுவப் போட்டார்கள். கூனிக் குறுகிப் போனாள். பழைய இடத்துக்கு எப்படியாவது திரும்பிவிட வேண்டும் என்பதே நினைப்பாக இருந்தது.

ஐந்தாம் மாதம் ஒரு காலை கிராம்பு வந்தது, காரமாக, சுத்தமாக. அழுதேவிட்டாள். கணவர் சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லயே. நேத்து பஞ்ச எடுத்துட்டுக் கழுவி வச்சேன், இன்னும் ஊத்தல."

"மூடியில ஒட்டியிருக்கும். இத யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவர் மூடியை முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

மறுநாளே மேலாளரிடம் போய் மூக்கு சரியாகிவிட்டது என்றாள். இடம் கிடைத்தது. முதல் மூடியைத் திறந்ததும் இளஞ்சூட்டுப் பாலின் இனிப்பு வாசனை. மனது நிறைந்துவிட்டது. அடுத்ததிலும் அதே, அதற்கடுத்ததிலும் அதே. இருபத்திரண்டு கேன்களை மளமளவென்று நல்ல பால் என்று ஒதுக்கிவிட்டாள்.

இத்தனை நாள் அவள் இடத்தில் முகர்ந்துகொண்டிருந்த பெண் பக்கத்தில் நின்றாள். ஒரு கேன்மேல் குனிந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, இது புளிச்சிருக்கு."

மூக்கம்மா திரும்பக் குனிந்தாள். இனிப்பாகத்தான் இருந்தது. நிமிர்ந்து, விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள்.

வாசனை நிற்கவில்லை.

மேலாளர் அறைக்கு அப்படியே நடந்தாள்.

"சார், காலைலேர்ந்து நான் பாத்த கேன் எதையும் உள்ள ஏத்தாதீங்க. எனக்கு இன்னும் சரியாகல."

சொல்லி முடிக்கும்வரை மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நல்ல பாலின் வாசனை தொண்டைவரை இனித்துக்கொண்டிருந்தது.