ஆறரைக் கட்டை

பிரிஸ்கில்லா டீச்சரிடம் ஏழு வருஷம் பாட்டுக் கற்று, கடைசியில் தொண்டை கெட்டு ஓடிவந்த ஷீபா நான். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் கோபம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பெருநகர் என்ற எங்கள் ஊரில் டீச்சருக்குப் பகலெல்லாம் சத்துணவுக் கூடம், சாயங்காலம் மொட்டை மாடியில் பாட்டு கிளாஸ். முப்பது வருஷமாக இதேதான். எந்தப் பெண் வந்து உட்கார்ந்தாலும் சுருதிப்பெட்டியை ஆறரைக் கட்டையில் வைப்பார். பெண் குரலுக்கே அது ரொம்ப உச்சம். "ஏறல டீச்சர்" என்றால், "ஏஞ்சலுக்கு ஏறும்" என்பார். ஏஞ்சல் அவருடைய அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவள். அவளோடுதான் நான் ஏழு வருஷம் போட்டி போட்டிருக்கிறேன்!

அக்காவும் தங்கையும் சர்ச்சில் சேர்ந்து பாடியவர்கள். அக்காவுக்கு மேல்குரல், டீச்சருக்குக் கீழ்க்குரல். பத்தொன்பது வயதில் ஏஞ்சலை மஞ்சள்காமாலை கொண்டுபோனது. சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் செத்தவருக்குப் பிடித்த பாட்டைப் பாடுவது எங்கள் தெரு வழக்கம். தங்கையைப் பாடச் சொன்னார்கள். அவர் தன் குரலை விட்டுவிட்டு அக்காவின் உச்சத்தில் எடுத்தார். மாரில் அடித்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்தினாளாம். "எம் பொண்ணு எங்கியும் போவல. பாடிக்கினு கீறா பாருங்க" என்றாளாம்.

அதற்கப்புறம் டீச்சர் அந்த உச்சத்திலிருந்து இறங்கவேயில்லை. கல்யாணம், கிறிஸ்துமஸ், சாவு எல்லாமே அக்காவின் கட்டையில்தான். அம்மாவுக்குக் கண் பார்வை போனதும் இன்னும் மோசம். மாலை ஜெபத்தில் பாட்டு முடிந்ததும், "ஏஞ்சலு, தண்ணி குடு" என்பாள் கிழவி. "இந்தாம்மா" என்று இவரும் கொடுப்பார். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது.

போன வருஷம் ஒரு சாவு வீட்டில், பாதிப் பாட்டில் டீச்சரின் குரல் உடைந்தது. கிளாஸை விட்டிருந்தாலும் நான்தான் என் ஸ்கூட்டியில் காஞ்சிபுரம் அழைத்துப்போனேன். தொண்டையில் குரல் வரும் இடத்தில் கட்டி என்றார் டாக்டர். ஒரு மாசம் பேசவே கூடாது. பிறகு சுருதியை இறக்கிப் பாடினால் பாட்டு மிஞ்சும். உச்சத்துக்குப் போனால் பேச்சே போய்விடும்.

வீட்டு வாசலில் இறங்கியதும் டீச்சர் அழுதார். "இறக்கினா எங்கம்மாவுக்கு ஏஞ்சல் இன்னொரு வாட்டி செத்துடுவாடி."

"அப்ப நீங்க இன்னா ஆனாலும் பரவால்லியா?" என்று கத்திவிட்டேன். டீச்சரிடம் நான் கத்தியது அன்றுதான்.

அந்த மாசம் முழுக்க வீட்டில் பாட்டு இல்லை. கிழவி தினமும் ஏஞ்சலைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மாசம் முடிந்த அன்று சாயங்காலம் நானும் போயிருந்தேன். டீச்சர் சுருதிப்பெட்டியை நாலரைக்கு இறக்கினார். ஜெபப் பாட்டை எடுத்தார்.

ஏழு வருஷத்தில் நான் கேட்டே இராத குரல் அது. கனமாக, தயங்கித் தயங்கி வந்தது.

கிழவி கட்டிலிலிருந்து தலையைத் திருப்பினாள். "யாரு பாடறது?"

டீச்சர் பாட்டை நிறுத்தினார். நான் பதில் சொல்வதற்குள் கிழவி கையை நீட்டித் துழாவி, அவர் முகத்தைத் தொட்டாள்.

"பிரிஸ்கி தானே? இத்தினி வருசமா எங்கடி போயிருந்த?"