பாதிக் கெழவரு

தம்புள்ளை பஸ்ல என் பக்கத்துல ஒரு தல நரைச்ச மனுசன் உக்காந்திருந்தாரு, எனக்குத் தம்பி வயசிருக்கும். வெறுங்கைதான், ஆனா ரெண்டு கட்டவெரலும் எதையோ அமுக்கிக்கிட்டே இருந்திச்சு.

"பேன் குத்துறீங்களா தம்பி?"ன்னு கேட்டேன்.

சிரிச்சாரு. வெளிநாட்டுல இருவது வருசமா கம்ப்யூட்டர்ல சுடுற வெளையாட்டு செய்யுற வேலையாம், பொத்தான அமுக்கி அமுக்கி வெரலுக்குப் பழகிப் போச்சாம். இனி வாரத்துல ரெண்டு நாள்தான் வேலையாம், அதுவும் துவக்கு இல்லாத வெளையாட்டு. மத்த நாள் பல்லேபொலயில மொளகுத் தோட்டம்.

"அப்ப பாதி ரிட்டயரு, பாதிக் கெழவருன்னு சொல்லுங்க. நல்லா ஓடுன வேலைய ஏன் கொறச்சீங்க?"

"என் வெளையாட்டுல செத்தவன் திரும்ப எந்திரிச்சிருவான்மா. குண்டு பட்ட என் தங்கச்சி மகன் எந்திரிக்கல."



செக்பாயிண்ட்ல எல்லாரும் எறங்கி நடந்தோம். துவக்கோட நின்ன ஆமிக்காரனத் தாண்டுறப்ப, அவரு ரெண்டு கட்டவெரலையும் உள்ளங்கையில மடக்கி மறச்சுக்கிட்டாரு.

மொளகு உதுக்கிறப்பயாவது அந்த வெரலு ஓஞ்சிச்சோ என்னவோ.