பாவற்காய்க் கருவாடு

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் கருவாடு போட்டவர். போட்டதையெல்லாம் விற்றார் என்று ஊர் நம்பியது. அதில் பாதியைத் தானே தின்றார் என்பது எனக்கும் அவருடைய இரத்தத்துக்கும் மட்டுந்தான் தெரியும்.

ஒரு ஆவணி மாதம் மீன் காயப்போடுகிற வாடிக்குள்ளேயே தலைசுற்றி விழுந்தார். முருங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, பிறசர் எக்கச்சக்கம் என்றார். கருவாட்டை இன்றோடு விட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், மரக்கறி சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பாரிசவாதம் வரும் என்றார். அந்தச் சொல்லை எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இவருடைய தமையன் மூன்று வருடமாக ஒரு பக்கம் விழுந்து கட்டிலில் கிடந்தார். வாயில் கஞ்சி ஊற்றினால் பாதி கழுத்தால் வழியும்.  

சரி, மரக்கறி. எங்கள் கரையில் மரக்கறி என்பது ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் பாவப் பரிகாரமாகச் சாப்பிடுகிற சாமான். ஐப்பசியில் மழை பிடித்தால் அதுவும் எங்கள் தீவுக்கு ஒழுங்காக வராது. நல்ல காலத்துக்கு, எங்களிடம் கருவாடு எடுக்கிற நறுவிலிக்குளத்துக் கமக்காரர் ஒருவர், நெல் விதைப்புக்கு முன் தோட்டத்தை அழித்தபோது இரண்டு சாக்குக் கத்தரிக்காயும் ஒரு சாக்குப் பாவற்காயும் அனுப்பியிருந்தார். வற்றல் போடுகிற விதத்தையும் அவருடைய மனைவி சொல்லிவிட்டிருந்தா. வட்டமாக அரிந்து, மஞ்சள் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, வெயிலில் காயவிட வேண்டுமாம். உப்பு ஒரு கைப்பிடி போதுமாம்.

ஒரு கைப்பிடி! எனக்குச் சிரிப்பு வந்தது. வயற்காரி எங்களுக்குக் காயப்போடப் படிப்பிக்கிறா. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. உப்புக் குறைந்தால் புழு வைக்கும் என்பது எங்கள் கரையில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மனுசனுக்கு மருந்தாகக் கொடுக்கப்போகிற சாமானில் புழு வைக்க விடுவேனா?

ஆகவே முறையாகச் செய்தேன். கத்தரிக்காயைச் சீலா மீனைக் கீறுவது போல நீளத்துக்குக் கீறினேன். பாவற்காயின் வயிற்றைப் பிளந்து குடலை எடுத்தேன். தொட்டியில் ஒரு அடுக்குக் காய், ஒரு அடுக்கு உப்பு, மூன்று பங்குக்கு ஒரு பங்கு, மேலே பலகை, பலகைக்கு மேலே கல். இரண்டாம் நாள் எடுத்து, ஊறிய அழுக்குப் போகக் கடல் தண்ணீரில் நன்றாக அலசினேன். நல்ல தண்ணீரில் அலசினால் பழுதாகிவிடும் அல்லவா, அதுதான். தென்னங்கிடுகு விரித்துப் பரப்பியபோது வழக்கமான பூனைகள் வந்து மணந்து பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயின. அப்போதாவது யோசித்திருக்கலாம். உப்பு என் விரல் வெடிப்புகளுக்குள் இறங்கி, இரவில் சோறு பிசைய முடியாமல் எரிந்தது. எட்டுச் சாடி நிறைந்தது.

டொக்டர் சொன்னபடி உப்பையும் குறைத்தேன். குழம்புக்கு ஒரு கல் உப்பும் போடவில்லை. எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள்.

மனிதர் சாப்பிட்டார். சாப்பிட்டார் என்றால், மூன்று நேரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கறியைப் பார்த்தாலே முகத்தைச் சுழிக்கிற ஆள் சட்டியை வழித்தார். பாவற்காயைப் பொரித்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சப்பினார். மரக்கறியில் இவ்வளவு ருசி இருப்பது இவ்வளவு நாளும் தெரியாமல் போய்விட்டதே என்று கவலைப்பட்டார். நான் ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. அவருடைய மருந்தை நான் ஏன் ருசி பார்க்க வேண்டும்? எனக்கு மீன் இருந்தது.

மார்கழியில் மறுபடி முருங்கன். டொக்டர் காற்றடித்தார். இன்னொரு முறை அடித்தார். பிறகு கருவியை மாற்றி அடித்தார்.

"கருவாடு விடேல்லைப் போல?" என்றார்.

அந்தோனியாரறிய ஒரு துண்டும் வாசலுக்குள் வரவில்லை என்றேன். வற்றல் கதையை எடுத்தேன். தொட்டி, பலகை, கல், கடல் தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பெருமையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். கடல் தண்ணீர் வந்தபோது அவர் நெற்றியைப் பிடித்தார். என் வாயும் அந்த இடத்தில்தான் நின்றது.

டொக்டர் இவர் பக்கம் திரும்பினார். "முப்பது வருசம் உப்போட நிண்டனீங்கள். உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது ஐயா. மனுசி பாவம், கை வெடிக்க வெடிக்கச் செய்தது. வேண்டாமெண்டு சொல்ல மனம் வரேல்லை."

பக்கத்தில் நின்ற தாதி உருகிப்போய்விட்டா. நானுந்தான். இருபத்திரண்டு வருடம் என் சமையலை வாய் கூசாமல் வேண்டாமென்ற மனிதருக்கு, என் கைக்காகச் சாகிற அளவுக்கு மனம் இருந்திருக்கிறது! பஸ்சில் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். விரல்களை மடக்கச் சொல்லி, விரிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தக் கை விழுந்திருந்தால் விழுத்தியவள் நான்தானே.

வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டு எடுத்துக் கடித்தேன். முதற்தரம். நாக்குச் சுருண்டது. துப்பிவிட்டு அப்படியே குந்தியிருந்து அழுதேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் இட்ட உப்புக்கு, நினைக்க ஆளே மிஞ்சியிருக்காது. பின்வளவில் புதைக்கக் கிடங்கு வெட்டிச் சாடிகளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

இவர் பின்னாலேயே வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கிடங்கை எட்டிப் பார்த்தார்.

"இஞ்சாரும், அந்தப் பாவற்காய்ச் சாடியை மட்டும் விடுமன்" என்றார்.

முதலில் அதைத்தான் கொட்டினேன்.