ஏறாவூருக்கு அடுத்தது கிராக்கோவ்

மட்டக்களப்புக்கு வருகிறவனைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் பயந்து பேசிக்கொள்வார்கள். என்னை ஒட்ட வைக்க யாரும் மந்திரம் படிக்கவில்லை. நானாகவே ஒட்டிக்கொண்டவன். கண்டிப் பெரஹரா ஊர்வலம் பார்க்க ஒருமுறை ரயிலேறினேன். வீட்டைப் பூட்டினேனா என்ற சந்தேகம் வந்து, பக்கத்து ஊரான ஏறாவூரில் இறங்கித் திரும்பினேன். வீடு பூட்டித்தான் இருந்தது. இன்னொரு முறை கொழும்பில் ஒரு கலியாணம். புறப்பட்டதும் வயிறு ஏதோ சொன்னது. அதுவும் ஏறாவூரில்தான் சொன்னது.

ஏறாவூர்த் தபாற்கந்தோரில் என் மனைவியின் அண்ணனுக்கு வேலை. இரண்டு முறையும் நான் இறங்கி வந்தபோது ஸ்டேசன் வாசலில் நின்றவர் அவர். இரண்டாம் முறை அவர் என்னவென்று கேட்கக்கூட இல்லை. “வந்திட்டீங்களா மச்சான்? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார். அன்றிலிருந்து குடும்பத்தில் என் பெயர் ஏறாவூர்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் போலந்துக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். வாவிக்கரையில் மீன்பிடிக்காரரின் சங்கம் நடத்திய ஐஸ் ஆலை ஒன்றில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆலையின் புது யந்திரம் போலந்திலிருந்து வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க அந்த நாட்டுக்காரர் ஒருவரும் வந்தார். அவருக்குப் பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். நண்டுக் கறி தின்று கண்ணீர் வடிப்பார்; துடைத்துக்கொண்டு இன்னும் கேட்பார். மிஷன் பள்ளியில் படித்த என் மனைவிக்கு அவருடைய உடைந்த ஆங்கிலம் விளங்கியது. அவருடைய சொந்த ஊர் கிராக்கோவ். அங்கே மாதா கோயில் கோபுரத்திலிருந்து மணிக்கொரு தரம் ஒருவன் எக்காளம் ஊதுவானாம். நடுவில் சட்டென்று நிறுத்திவிடுவானாம். முன்னொரு காலத்தில் பகைவர் வருவதைக் கண்டு ஊதியவனின் தொண்டையில் அம்பு பாய்ந்த இடமாம் அது. மனிதர் அந்த ராகத்தைச் சீட்டியடித்துக் காட்டினார். பாதியில் நிறுத்திவிட்டு நண்டுக் காலை எடுத்தார். மனைவி அகப்பையும் கையுமாக நின்றாள்.

“மிச்சம்?”

மிச்சம் இல்லை என்று தலையாட்டினார்.

அவர் போன பிறகும் அந்தப் பாதி ராகம் எங்கள் குசினியில் இருந்தது. தேங்காய் திருவும்போது மனைவி முணுமுணுப்பாள். அம்பு பட்ட இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுப்பாள். பிறகுதான் அடுத்த பாதித் தேங்காயை எடுப்பாள்.

இரண்டு வருடம் கழித்து யந்திரம் செய்த இடத்தில் பயிற்சிக்கு ஆள் கேட்டார்கள். மெக்கானிக் இருவர் போக, ஆங்கிலத்தில் எழுதி எடுக்க நானும் வேண்டுமாம். பயிற்சி முடிந்ததும் மூன்று நாள் ஓய்வு. யந்திரம் பூட்ட வந்த நண்பர் எழுதியிருந்தார்: மூன்று நாளும் கிராக்கோவுக்கு வா, என் வீட்டில் தங்கு. மெக்கானிக்மார் பயிற்சி நடக்கும் துறைமுகப் பட்டினத்திலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். கிராக்கோவுக்குப் போவதானால் நான் தனியாக ரயிலேற வேண்டும். மொழி தெரியாத நாட்டில், தை மாதத்துப் பனியில், ஏறாவூர் இல்லாத ஒரு ரயில் பாதையில்! போவேனா மாட்டேனா என்று திங்கட்கிழமைக்குள் சங்கத் தலைவருக்குச் சொல்ல வேண்டும்.

மாட்டேன் என்று சொல்ல நான் நினைத்த அந்தக் கணமே, நண்பர் விட்டுப்போன படத் தபாலட்டைகளை மனைவி சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டாள்.

“முதல் நாள் இந்தச் சந்தைச் சதுக்கம். எக்காளத்தை ஒருக்காக் கேட்டாக் காணாது, ரெண்டு மூண்டு தரம் கேளுங்க. மறுகா இந்தக் கோட்டை.”

“கோட்டைக்குக் கீழ ஒரு குகை இரிக்காம். நெருப்புக் கக்கிற பாம்பு குடியிருந்ததாம்” என்றேன்.

“அது எப்பவோ செத்திட்டாம்.”

“குட்டி போட்டுதோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்?”

அவள் அடுத்த அட்டையை வைத்தாள். “மூண்டாம் நாள் உப்புச் சுரங்கம். நிலத்துக்குக் கீழ உப்பால கோயிலே கட்டியிரிக்காங்க.”

“உப்புக்காக நிலத்துக்குக் கீழ போற சனத்தை நம்பி நான் என்னெண்டு போறது? இங்க உப்பு வெயில்ல விளையுது.”

நான் சிரிக்கச் சிரிக்கத்தான் பேசினேன். உள்ளுக்குள் திங்கட்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. அவள் வீட்டில், அவள் மேசையில், அவளோடு வாதாடி வென்றவன் இல்லை. ஆகவே உடம்பைச் சாட்சிக்கு இழுத்தேன்.

“குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளா. வேணுமெண்டா ஐஸ் அறையில நிண்டு பாப்பம்.”

ஐஸ் ஆலையில் ஏழு வருடம் கணக்கெழுதியும் அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. உள்ளே போய் நாலு இருமல் இருமினால் விஷயம் முடிந்தது என்பது என் திட்டம்.

“நானும் வாறன்” என்றாள். இது திட்டத்தில் இல்லை.

சனிக்கிழமை பகல், லொறிகள் போன பிறகு, போனோம். குளிர் மலையூரான நுவரெலியாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அயலவர் ஒருவரின் கோட்டு என் மேல். பூச்சி உருண்டை வாசம் மூக்கைத் துளைத்தது. அவள் நூல் சேலையில் வந்தாள். கதவைத் திறந்தே வைக்கும்படி ஆலை மேஸ்திரியிடம் கேட்டேன்.

“திறந்து வைச்சா ஐஸ் உருகும் ஐயா. மறுகா அந்தக் கணக்கை நீங்கதானே எழுதணும்?” என்று சொல்லிச் சாத்திவிட்டார்.

மரத்தூளுக்குள் ஐஸ் கட்டிகள் வரிசையாகக் கிடந்தன. ஒரேயொரு மங்கல் பல்பு. காதுமடல் முதலில் போனது, பிறகு மூக்கு நுனி. கதவு இறுகிவிட்டால்? மேஸ்திரி சாப்பிடப் போய்விட்டால்? எனக்குத் தெரிந்த மந்திரம், தேவாரம் எல்லாவற்றையும் ஓதினேன். அவளுடைய வேதக்காரச் சிநேகிதிகள் சொல்லும் செபமும் வாயில் வந்தது. இருமல் மட்டும் வரவில்லை. நடித்து இருமுவதற்கும் கொஞ்சம் நிம்மதி வேண்டும்.

“இஞ்ச பாருங்க!”

பதறித் திரும்பினேன். அவள் வாயைத் திறந்து மெதுவாக ஊதினாள். வெண்புகை போல மூச்சு வந்தது. மறுபடி ஊதினாள். கையால் அதைப் பிடிக்கப் பார்த்தாள். நாற்பதைத் தொட்டவள், மூன்று பிள்ளைகளின் தாய், தன் மூச்சைத் தானே முதல்தரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அங்க எல்லாரும் இப்பிடித்தானே ரோட்டில போவாங்க?”

“ஓம் போல.”

“அந்த எக்காளக்காரனுக்கும் இப்பிடித்தான் புகை வருமா?”

எனக்கெப்படித் தெரியும்? கோட்டுக் கொலரைக் காதுவரை இழுத்துக்கொண்டேன்.

“எனக்கு அங்க போகக் கிடைக்கப் போறதில்ல” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வராது என்பதுபோலச் சொன்னாள். “நீங்க பாத்திட்டு வந்து சொல்லுங்க.”

கதவைத் தட்டினேன். மேஸ்திரி அங்கேயே நின்றிருந்தார். வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. திங்கட்கிழமை, போலந்துக்குப் போவேன் என்று தலைவரிடம் சொன்னேன். சொன்ன வாய் என்னுடையதா என்ற சந்தேகம் அன்று முழுக்க இருந்தது.

புறப்படுகிற நாளும் வந்தது. அதற்கு முன் பாஸ்போட் எடுக்கக் கொழும்புக்குப் போனபோது மனைவி கூடவே வந்து, ஏறாவூர் தாண்டும் வரை என் கையைப் பிடித்திருந்தாள். இந்த முறை மெக்கானிக்மார் இருவர்தான் துணை. ஏறியதுமே இருவரும் தூங்கிவிட்டார்கள். வண்டி நகர்ந்தது. வீட்டைப் பூட்டினேனா? வீட்டில்தான் அவள் இருக்கிறாளே! வயிறு ஏதோ சொல்கிறதா? சொன்னது.

ஏறாவூர் மேடையில் மச்சான் நின்றார். இரண்டு கையிலும் தேத்தண்ணிக் கிளாஸ்.

“இறங்குங்க மச்சான், சூடா இரிக்கி.”

“இறங்கல்ல.”

“என்ன, இறங்கல்லையா?” மனிதர் உண்மையிலேயே திகைத்துப் போனார். ஒரு கிளாஸை ஜன்னல் வழியே நீட்டினார். “அப்ப இருந்தே குடிங்க.”

குடித்தேன். நாக்கு வெந்தது. ரயில் காட் விசில் ஊதினார். கையில் வெறும் கிளாஸ்.

“மச்சான், கிளாஸ்! கடைக்காரன்ர கிளாஸ்!” என்று அவர் கூடவே ஓடி வந்தார்.

இறங்குவதற்கு இதைவிட யோக்கியமான காரணம் எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. எழுந்துகூட விட்டேன். கதவுவரை போனேன். அப்போது அந்தப் பாதி ராகம், அம்பு பட்ட இடம் வரைக்கும், தலைக்குள் ஓடி நின்றது.

“திரும்பி வரக்குள்ள தாறன்!” என்று கத்தினேன்.

அந்தக் கிளாஸ் என் கோட்டுப் பைக்குள் இருந்தபடியே கிராக்கோவ் பார்த்துவிட்டு வந்தது. இப்போது எங்கள் அலுமாரியில் இருக்கிறது. மச்சான் வரும்போதெல்லாம் திருப்பிக் கேட்கிறார். மனைவி கொடுக்க மாட்டேன் என்கிறாள்.