முப்பதுக்குள் நரைத்தவர்கள்

லிஃப்ட் வரவில்லை. படிகளில் ஏறினாள். தலையில் பிளாஸ்டிக் பை. அதன் ஓரத்திலிருந்து சாயம் கசிந்து காதுக்குப் பின்னால் கறுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் காவலாளி பின்னாலேயே வந்தார்.

"தலையில என்னம்மா அடி?"

"அடியில்லைங்க, சாயம்" என்றாள், நிற்காமல்.

பஸ்களுக்கு இருக்கை தைக்கும் கடை அவளுடையது. வயது நாற்பத்தாறு. தம்பி அங்கே பஞ்சும் ஃபோமும் வெட்டுகிறவன். அவனுக்கு வறட்டு இருமல் நிற்காமல் போய், ஸ்கேன் எடுத்ததில் நுரையீரலில் தழும்பு ஏறியிருப்பது தெரிந்தது. பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் வந்ததாக இருக்கலாம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை இன்று மாலை ஆரம்பிக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து தம்பி மனைவி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதே டாக்டரம்மா முன்பே ஒரு கேள்வி கேட்டிருந்தார். குடும்பத்தில் யாருக்காவது முப்பதுக்குள் தலை நரைத்ததா? அவள் பட்டென்று இல்லை என்றாள். எல்லோருக்கும் கருகருவென்று முடி என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அது பொய் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் மாதம் ஒருநாள் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, தரையில் பழைய பேப்பர் விரித்து எல்லோரும் வரிசையாக உட்காருவார்கள். ஒரே கிண்ணத்தில் சாயம். மூத்தவர் இளையவருக்குப் பூசிவிட வேண்டும். வெளியே மூச்சு விடக்கூடாது, பெண் கொடுக்க மாட்டார்கள் என்பாள் அம்மா. சொல்லாமல் சொல்லாமல் அது இல்லாததாகவே ஆகிவிட்டது.

இன்று மத்தியானம் கடையின் பின்னறையில் தனியாகப் பூசிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் முடிந்தது. கண்ணாடியில் இடப்பக்கம் அப்பாவின் தலை போலிருந்தது. அப்பாவும் இருமித்தான் போனார், சிகரெட் என்றார்கள். அத்தையும் இருமித்தான் போனாள். அடுப்புப் புகை என்றார்கள். ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு குற்றவாளி கிடைத்திருந்தான். இருவரும் முப்பதுக்குள் நரைத்தவர்கள், இருவருக்கும் அந்தக் கிண்ணத்திலிருந்துதான் சாயம். பிரஷை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

வார்டில் நர்ஸ் மாத்திரைத் தட்டோடு கட்டிலை நெருங்கிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா பக்கத்துக் கட்டிலருகே நின்றார். அவள் தலைப் பையை உருவினாள்.

"எனக்கு இருபத்திரண்டு வயசுல நரைச்சது, டாக்டர். இவனுக்கு இருபத்தஞ்சுல. அந்தத் தொப்பியைக் கழட்டச் சொல்லுங்க."

தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. குளிர்கிறது போலும் என்று நர்சுகள் இரண்டாவது போர்வை கொடுத்திருந்தார்கள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"பாதி கிழவி, பாதி குமரி. எந்தப் பாதி எனக்கு அக்கா?"

சிரித்தான், சிரிப்பு இருமலாயிற்று. தொப்பியைக் கழற்றினான். கறுப்பு முடியின் அடியில் விரற்கடை அளவுக்கு வெள்ளை.

டாக்டரம்மா நர்சை நிறுத்தச் சொன்னார்.

தையல் முடிகிற இடத்தில் பிரியாமலிருக்கத் திருப்பித் தைப்பது போல மரபணு இழையின் நுனியிலும் ஒரு காப்பு உண்டு, சில குடும்பங்களில் அது பிறப்பிலேயே குட்டை என்று விளக்கினார். அப்படிப்பட்டவர்களுக்குச் சீக்கிரம் நரைக்கலாம், நுரையீரலில் தழும்பும் ஏறலாம். எல்லோருக்கும் ஏறும் என்றில்லை.

"அதுவா இருந்தா, இந்த மாத்திரை நல்லதை விடக் கெடுதலைத்தான் செய்யும். ரத்தம் பார்க்கணும்" என்றார்.

"அப்போ என் கடை காரணம் இல்லையா?"

"தூசியை நான் விட்டுடல. ரெண்டும் சேர்ந்தா இன்னும் மோசம்."

சந்தோஷப்பட அதில் எதுவுமில்லை. ஆனாலும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் போன நர்சைப் பிடித்து அப்பா, அத்தை கதையை முதலிலிருந்து சொன்னாள். கட்டிலருகே உட்கார்ந்திருந்த தம்பி மனைவி எழுந்து வந்து, துண்டின் நுனியால் அவள் கழுத்தைத் துடைத்தாள்.

"காதெல்லாம் கறுத்துப்போச்சு, அண்ணி."

மறுநாள் காலை அக்காவுக்கும் தம்பிக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரப் பல வாரங்கள் ஆகும் என்றார்கள். மாத்திரை கொடுக்கவில்லை. அவள் கடைக்குப் போய் வெட்டும் மேஜையை ஜன்னலோரம் நகர்த்தினாள். வேலையாட்களுக்கு முகமூடி வாங்கினாள். அத்தை மகளுக்குப் போன் செய்து, தலை எப்போது நரைத்தது என்று கேட்டாள். நரைக்கவே இல்லை என்றாள் அத்தை மகள். மறுபடி கேட்டாள். இருபத்தெட்டு என்று பதில் வந்தது. மாலையில் ஒரு பஸ்ஸின் பின்வரிசை இருக்கையைத் தைத்து முடித்தார்கள்.