செவ்வாய்க்கிழமை மாத்திரை

சேவூர்ப் பக்கத்து ஊர்களுக்கு நான் பகுதிநேர நிருபராக இருந்த ஆண்டுகளில், பயனுள்ளது என்று நானே நம்பிய செய்தி ஆறு வரிதான் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்தோறும் காலையில் காசநோய்க்கு இலவசமாக மாத்திரை கொடுக்கிறார்கள். சளிப் பரிசோதனையும் உண்டு. நாள்பட்ட இருமல் இருப்பவர்கள் வரலாம். நேரம், அறை, எந்த பஸ்ஸில் வரவேண்டும் என்பது வரை எல்லாம் சரிபார்த்து எழுதினேன். ஒரு பிழையும் இல்லை.

எழுதச் சொன்னவர் அங்கே மாத்திரை கொடுக்கும் செவிலியர். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் இருமலுக்குப் பஞ்சுத் தூசியைக் காரணம் சொல்லிக்கொண்டு, மருந்துக்கடையில் டானிக் வாங்கிக் குடித்தே காலம் தள்ளுகிறார்கள் என்பது அவருடைய கவலை. "மருந்து இங்க சும்மா கெடக்குதுங்க. சனத்துக்குத் தெரியமாட்டேங்குது. பேப்பர்ல போட்டு உடுங்க" என்றார். போட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது, செய்தியைப் பார்த்துப் புதிதாக மூன்று பேர் வந்ததாகச் சொன்னார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு, மேசை மேலிருந்த அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "முன்னயே வந்துட்டிருந்த ஒருத்தங்க நின்னுட்டாங்க. இன்னும் ரெண்டு மாசம் முழுங்கோணும். பாதியில உட்டா திரும்ப வரும். வந்தா இந்த மாத்திரைக்குக் கேக்காது" என்றார். யாரென்று கேட்டேன். சொன்னார். அவர் சொல்லியிருக்கக் கூடாது. நான் கேட்டிருக்கவும் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனியில் செக்கிங் வேலை, அதாவது தைத்து வந்த பனியனில் ஓட்டையும் கறையும் பார்ப்பது. தொடக்கத்தில் செவ்வாய் மட்டும் போதாது என்பதால், முதல் இரண்டு மாதம் லீவு போட்டு, வாரம் மூன்று நாள் வந்து செவிலியர் முன்னால் மாத்திரை விழுங்கினார். அதன் பிறகு வாரம் ஒருநாள் வந்தால் போதும். ஒரு வேளையை அங்கேயே விழுங்கிவிட்டு மீதியை வாங்கிப்போகலாம். ஆகவே வேலைக்குத் திரும்பினார். செவ்வாய் மட்டும் கம்பெனி வேனை விட்டுவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் தாமதமாகப் போவார்.

எங்கள் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிற யாரையும் "ஏனுங்க, எங்க பொறப்பட்டாப்ல?" என்று கேட்பார்கள். அது வேவு பார்ப்பதல்ல, மரியாதை. பதில் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு. அவரிடம் ஒரு பதில் இருந்தது: முருகன் கோயிலுக்கு ஒன்பது செவ்வாய் வேண்டுதல். கோயில், சுகாதார நிலையத்துக்கு அடுத்த நிறுத்தம். வீட்டிலிருந்தே ஒரு காகிதத்தில் திருநீறு மடித்து எடுத்துவந்து, மாத்திரை விழுங்கியதும் நெற்றியில் பூசிக்கொள்வாராம். செவிலியர் பார்த்திருக்கிறார்.

ஒன்பது செவ்வாய் தாண்டியும் போய்க்கொண்டிருந்தபோது வேனில் கேலி நடந்திருக்கிறது. "ஏக்கா, முருகன் இன்னும் கண்ணத் தொறக்கலீங்களா?" அவரும் சிரித்திருக்கிறார். அப்புறம் என் ஆறு வரி வந்தது. ஊர் பேக்கரிக்காரர் நல்ல எண்ணத்தில் அதைக் கத்தரித்து, டீ ஆற்றும் இடத்துக்கு மேலே ஒட்டிவைத்தார். அடுத்த செவ்வாய் யாரும் எங்கே என்று கேட்கவில்லை.

இவற்றில் பாதியை அந்தப் பெண்ணே சொன்னார். நான் மொபெட்டில் அவர் வீடு தேடிப் போயிருந்தேன். வழியில் இரண்டு இடத்தில் வீடு எது என்று விசாரித்திருந்தேன். அதன் பொருள் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வாசலிலேயே நின்றார். "வாங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"பேப்பர்ல எழுதுனது நீங்களாங்க?"

"ஆமாங்க."

"உங்க பேரு போடலீங்களே அதுல."

"போடமாட்டாங்க."

"எம்பேருந்தான் போடல. ஆனா எல்லாரும் படிச்சுட்டாங்க." கோபம் இல்லாமல்தான் சொன்னார். "வேன்ல எம்பக்கத்துச் சீட்டு இப்பக் காலிங்க. கோயில்ல திருநீறு குடுக்கறாங்களா, மாத்திரை குடுக்கறாங்களான்னு ஒருத்தி கேட்டா. சூப்பர்வைசர், சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் வர்ற நேரம், நல்லாகிட்டு வாங்கக்கான்னு அனுப்பிச்சுட்டாரு."

இவ்வளவு நாள் மாத்திரை சாப்பிட்டவரிடமிருந்து பிறருக்குத் தொற்றாது என்று செவிலியர் சொன்னதைச் சொன்னேன். அதையும் விளக்கி இன்னொரு செய்தி போடுகிறேன் என்றேன்.

"ஐயோ, வேண்டாஞ் சாமி. இனி ஒண்ணும் எழுதாதீங்க. மாத்திரைக்குப் போகாத இருந்தாத்தான் நல்லாயிட்டான்னு நெனப்பாங்க. நீங்க இப்ப வந்ததையே நாலு பேரு பாத்திருப்பாங்க."

அவர் தண்ணீர் கொடுக்கவில்லை. எங்கள் ஊர்களில் வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் பேசமாட்டார்கள். திரும்பி வரும்போது அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். அவருடைய சொம்பை நான் வாங்கத் தயங்குவேனோ என்று பயந்திருக்கலாம் என்பது வெகுநேரம் கழித்துத்தான் தோன்றியது. தண்ணீரை நானே கேட்டு வாங்கிக் குடித்திருக்கலாம்.

நடந்ததைச் செவிலியரிடம் சொன்னேன். அவர் சீருடை இல்லாமல், உறவுக்காரர் போல ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய்வந்தார். நான் செய்திருக்க வேண்டியதை அவர் செய்தார்: சொல்வதைவிட்டு, கேட்டார். அந்தப் பெண் அருள்புரத்தில் அறை எடுத்து, வேறு கம்பெனிக்குப் போகப் போவதாகச் சொன்னாராம். அங்கே கம்பெனி வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த மதுரைக்காரர்களும் இந்திக்காரர்களும் இருக்கிறார்கள். எங்கே போகிறாய் என்று கேட்க யாரும் இல்லை. செவிலியர் அந்தப் பகுதி மருத்துவமனைக்கு மாற்றுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் கீழ்ப்பாதியைக் கிழித்து, ஆள் வந்து சேர்ந்ததாக அங்கிருந்து திருப்பி அனுப்ப வேண்டும்.

அடுத்தடுத்த வாரங்களில் நான் போனபோதெல்லாம் அந்தத் துண்டு வந்ததா என்று கேட்டேன். "வரலீங்க" என்றார். ஒருமுறை, "சில பேரு அனுப்பவே மாட்டாங்க. அதுக்காக ஆளு போகலன்னு சொல்லமுடியாதுங்க" என்றார். அவர் அந்த ஆறுதலை நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

அருள்புரம் மொபெட்டில் போய்வரக்கூடிய தூரம்தான். செக்கிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர், சேவூர்ப் பக்கத்துப் பெண், இருமல் உண்டா என்று நாலு இடத்தில் விசாரித்தால் கண்டுபிடித்துவிடலாம். அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் போகவில்லை. அவர் மீதி மாத்திரைகளை விழுங்கினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.