வெள்ளைக் கூரையைச் சுற்றிப் போன கரை

இன்று காலை மேடத்திடமிருந்து மெயில் வந்தது. கடல் எங்கெங்கே எவ்வளவு கரையை அரித்திருக்கிறது என்று சென்னையிலிருந்து ஆராய்கிற விஞ்ஞானி அவர். நான் எருமப்பட்டியில், கோழிப்பண்ணைக் காற்று வீசும் மாடி அறையில் தனியாக உட்கார்ந்து, அவருக்குக் கரைக்கோடு போட்டுக் கொடுப்பவன். எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் சீக்கிரத்தில் கடல் வராத ஊரில் இப்படி ஒரு பிழைப்பு. சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், நானே சிரித்திருக்கிறேன்.

மெயிலில் பழைய வரைபடத் தாள் ஒன்றின் படம். ஓரிடத்தில் மட்டும் கரை கடலுக்குள் பிதுங்கி நிற்கிறது. ‘இது என்ன? நீங்கள் சரிபார்த்ததுதானே?’ என்று கேட்டிருந்தார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஸ்டெல்லா போட்ட கோடு.

அப்போது எங்கள் ஆபீஸ் சேலத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. காலை பத்து மணிக்கெல்லாம் பன் வேகும் வாசனை படியேறி வந்துவிடும். பசியோடு வேலை பார்த்தே நான் பாதி இளைத்தேன். இரண்டே பேர்தான். செயற்கைக்கோள் படத்தில் கரையோரமாகப் புள்ளி புள்ளியாக வைத்து ஸ்டெல்லா கோடு போடுவாள், நான் சரிபார்ப்பேன். போன வருடக் கோட்டுக்கும் இந்த வருடக் கோட்டுக்கும் நடுவில் இருப்பது கடல் எடுத்துக்கொண்ட நிலம்.

முதல் மாதமே மானம் போயிற்று. எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் கரை. அதே நினைப்பில், அலை முடிகிற இடத்தில் போடச் சொல்லிவிட்டேன். கடல்தண்ணீர் நின்றால்தானே! கடல் ஏற்றத்தின்போது மணலில் எதுவரை ஈரம் ஏறியதோ அதுதான் கரை என்று மேடம் போனில் பாடம் எடுத்தார். “ரெண்டு பேரும் கடலைப் பாத்திருக்கீங்களா, இல்லையா?”

“சினிமாவுல பாத்திருக்கோம் மேடம்” என்றாள் ஸ்டெல்லா.

ஒரு மாத வேலையும் வீண். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை அவள். மூன்றாம் நாள், “ஏனுங்க ஏரிக்காரரே, இந்தத் தண்ணி சரியான தண்ணிதானான்னு வந்து பாருங்க” என்றாள். அன்றிலிருந்து அதுதான் என் பெயர். அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட இப்போது யாருமில்லை.

ஒரு தாளில் வெள்ளைக் கூரை போட்ட வீடு ஒன்று தனியாக நிற்கும். புதுப் படம் வந்தால் முதலில் அதைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பாள். “யாரு ஊடோ, வாசலு பூராப் போயிருச்சுங்க” என்பாள். அடுத்த வருடப் படத்தில் ஈரத்தடம் வீட்டைத் தாண்டியே போயிருந்தது. கூரை மட்டும் அப்படியே இருந்தது. முறைப்படி வீட்டுக்குப் பின்னால் கோடு போக வேண்டும். அவளோ புள்ளிகளைக் கடல் பக்கமாக வீட்டைச் சுற்றி வைத்து, அதைக் கரையிலேயே விட்டுவிட்டாள்.

“இது தப்புங்களே” என்றேன்.

“உள்ள ஆளு இருக்குமுங்க. நா எப்புடி அந்த ஊட்டக் கடல்ல போடறது?”

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். கண் கலங்கியிருந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று என் பெயரைப் போட்டேன். எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது. அதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “டீ சொல்லட்டுங்களா?”

சில மாதங்களில் கெங்கவல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்தது. “வாரேனுங்க ஏரிக்காரரே. அந்த ஊட்டப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கெங்கவல்லி என்ன சீமையிலா இருக்கிறது? அடுத்த ஞாயிறு போகலாம், அடுத்த ஞாயிறு போகலாம் என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. கல்யாணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்ட பிறகு அந்த நினைப்பையும் விட்டேன். ஆபீஸை மூடினார்கள், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

அவள் போன பிறகு வந்த படத்தில் வெள்ளைக் கூரை இல்லை. அங்கே யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் நான் சொல்லவில்லை.

‘தவறு என்னுடையது’ என்று மேடத்துக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: பரவாயில்லை, பழைய கோடுகளை எல்லாம் இனி மெஷினே போட்டுவிடும், இந்தத் தாளையும் அதில் ஓட்டிவிடுங்கள். கொஞ்ச நேரம் அந்தப் பிதுக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வைத்த புள்ளிகளை எண்ணினேன், பதினொன்று. பிறகு பட்டனை அழுத்தினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, கோடு வீட்டுக்குப் பின்னால் நேராகப் போய்விட்டது.

தாளின் கீழே ஒரு பட்டியல் உண்டு. வரைந்தவர் என்ற கட்டத்தில் ஸ்டெல்லா போய் மெஷினின் பெயர் வந்திருந்தது. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் இன்னும் நான்தான் இருக்கிறேன்.